வாசகர் கேள்வி – பதில்: பண்பாட்டு நூலுக்கு ஒரு பொட்காஸ்ட்

திருகோணமலை மாவட்டத்திலிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே விடயத்தைக் கேட்டிருந்தன. ஊர் வழக்கங்களைப் பற்றி நூல் எழுதியவர்கள், அதை வாசகரிடம் சேர்ப்பிக்கப் பொட்காஸ்ட், அதாவது இணையத்தில் பாகம் பாகமாகக் கேட்கும் ஒலி நிகழ்ச்சி, தொடங்க விரும்புகிறார்கள். ஒத்த கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் தருகிறோம்.

கேள்வி: நவராத்திரியில் எங்கள் பக்கம் மால் (பந்தல்) கட்டி, கும்பம் வைத்து, உடுக்கடித்துப் பாடும் கும்பத்துமால் சடங்கைப் பற்றி ஒரு நூல் எழுதி முடித்திருக்கிறேன். 500 பிரதி அடிக்கப் போகிறோம். "பொட்காஸ்ட் ஒன்று செய்யுங்கோ அம்மா, வெளிநாட்டில இருக்கிற ஆக்களும் கேப்பினம்" என்கிறாள் மகள். அத்தியாயம் அத்தியாயமாக வாசித்துப் போட்டால் போதுமா?
– வாசகி, உவர்மலை

பதில்: வாசித்துப் போடாதீர்கள். கண்ணுக்காக எழுதிய வாக்கியம் காதுக்கு நீளம்; பாதி வழியில் எழுவாய் மறந்துபோகும். அதைவிட, நூல் முழுவதையும் கேட்டு முடித்தவருக்கு அதை வாங்க ஒரு காரணமும் மிஞ்சாது.

நூலால் முடியாததைப் பொட்காஸ்ட் செய்ய வேண்டும். உடுக்கு மெல்லத் தொடங்கி ஏறுவதைப் பற்றி மூன்று பக்கம் எழுதினாலும், அதைக் கேட்டிராதவருக்கு அந்த ஏற்றம் விளங்காது. அரை நிமிட ஒலிப்பதிவில் விளங்கிவிடும். மறுபக்கம், பாடல்களின் முழுப் பாடம், மால் கட்டும் அளவுகள், படங்கள், எந்தத் தெருவில் எந்தக் குழு என்ற விபரம் எதுவும் காதில் நிற்காது. அவை நூலுக்கு உரியவை. ஒவ்வொரு பாகத்தையும் திட்டமிடும்போது இந்தப் பிரிப்பை முதலில் செய்யுங்கள்: எது கேட்க வேண்டியது, எது பார்க்க வேண்டியது? கேட்க வேண்டியது எதுவுமே இல்லாத அத்தியாயத்துக்குப் பாகம் வேண்டாம், விட்டுவிடுங்கள்.

எட்டுப் பாகம், ஒவ்வொன்றும் 18 முதல் 20 நிமிடம் என்று முடிவு செய்து, முடிவுள்ள தொடராகவே அறிவியுங்கள். 'வாராவாரம் தொடரும்' என்று தொடங்கியவை பல நாலாவது வாரத்தில் நின்றுவிடுகின்றன. நின்றுபோன தொடர் நூலுக்கும் கெட்ட பெயர்.

ஒரு பாகத்தை இப்படி அமைக்கலாம். முதல் 30 வினாடி உடுக்கும் பாட்டும் மட்டும். வணக்கமோ அறிமுகமோ இல்லை. அடுத்த 40 வினாடியில் உங்கள் பெயர், ஊர், இன்றைக்கு எதைப் பற்றி என்பது. பிறகு ஆறு நிமிடம் நீங்கள் சொல்வது. அதில் ஒரே ஒரு கேள்விக்கு விடை போதும்: கும்பம் எடுப்பவர் எப்படித் தெரிவாகிறார், விரதம் எப்படி என்பது போல. பிறகு ஏழெட்டு நிமிடம் விடயம் தெரிந்த ஒருவருடன் உரையாடல். பிறகு ஒரு பாடல், வெட்டாமல். கடைசி ஒரு நிமிடம் நூலுக்கு. நடுவிலும் ஒரு தடவை நூலைச் சொல்லலாம், ஆனால் காரணத்தோடு: "இந்தப் பாட்டின் மிச்ச அடிகள் நூலில் முழுதாக இருக்கு" என்று. 'நூலை வாங்குங்கள்' என்று மட்டும் சொன்னால் அது விளம்பரமாகவே காதில் விழும்.

நீங்கள் சொல்லும் பகுதியை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கதைக்கிற தமிழில். திருகோணமலைப் பேச்சே இந்த நிகழ்ச்சிக்கு அழகு. வானொலிச் செய்தித் தமிழ் வேண்டாம். தமிழில் நிதானமாகச் சொன்னால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சொல் போகும். ஆறு நிமிடத்துக்கு 600 சொல். உங்கள் வேகத்தை ஒரு பக்கம் வாசித்து, கடிகாரம் பார்த்து அளந்துகொள்ளுங்கள்.

காலம் முக்கியம். நூலை நவராத்திரிக்கு வெளியிடுவதானால், எட்டு வாரத்துக்கு முன்னர், அதாவது ஆவணி முற்பகுதியில் முதல் பாகம் வெளிவர வேண்டும். இரண்டு நிமிட முன்னோட்டத்தை அதற்கும் இரண்டு வாரம் முன்னே ஏற்றிவிடுங்கள். தளங்கள் புதிய நிகழ்ச்சியை ஏற்றுக்கொள்ளச் சில நாள் எடுக்கும். முதல் நாளில் மூன்று பாகங்களை ஒன்றாக விடுங்கள். ஒன்றைக் கேட்டுப் பிடித்தவருக்கு அடுத்தது கையில் இருக்க வேண்டும். மால் நடக்கும் இரவின் உண்மையான ஒலி நவராத்திரியில் மட்டுமே கிடைக்கும் என்பதால், போன வருடப் பதிவு கையில் இல்லையென்றால், கடைசி இரண்டு பாகங்களை விழாவில் பதிவுசெய்து விழா முடிந்த பிறகு வெளியிடுவது நல்லது. வெளியீட்டு விழா முடிந்து நூலைப் பற்றிய பேச்சு அடங்கும் நேரத்தில் அது மறுபடி ஒரு காரணம் தரும்.

கேள்வி: கையில் அதிக பணமில்லை. போனை மட்டும் வைத்துத் தொடங்கலாமா? எதை முதலில் வாங்குவது?
– வாசகர், மூதூர்

பதில்: போனில் தொடங்கலாம். முதலில் வாங்க வேண்டியது சட்டையில் குத்தும் சிறிய கம்பி மைக். போயா பி.வை.–எம்1 எங்கும் கிடைக்கிறது. 6 மீற்றர் வயர் வருவதால் போனைத் தள்ளி வைக்கலாம். அதன் வயரில் உள்ள சிறு பெட்டியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது: ஒரு பக்கம் போனுக்கு, மறுபக்கம் கமராவுக்கு. கமரா பக்கத்தில் விட்டுவிட்டுப் போனில் பதிந்தால் ஒலி கெட்டுவிடும். 'மைக் பழுது' என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் பல இந்தச் சுவிட்ச்தான்.

உங்கள் போனில் 3.5 மில்லிமீற்றர் துளை இல்லையென்றால் யூ.எஸ்.பி.–சி அடப்டர் தேவை. மலிவான சில அடப்டர்கள் பாட்டுக் கேட்க மட்டுமே. மைக் ஒலியை உள்ளே விடாது. கடையிலேயே செருகி, பத்து வினாடி பதிந்து, மைக்கை நகத்தால் தட்டிப் பாருங்கள். தட்டல் கேட்காவிட்டால் போன் தன் சொந்த மைக்கில்தான் பதிகிறது.

பதியும்போது போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். வட்ஸ்அப் குரல் செய்தியாகப் பதியாதீர்கள். அது ஒலியை இறுக நசுக்கிவிடும், பின்னர் எடுத்துச் செப்பனிட ஒன்றும் மிஞ்சாது. போனின் ஒலிப்பதிவுச் செயலியில் தரத்தை ஆகக் கூடியதில் வையுங்கள். ஐபோனில் 'லொஸ்லெஸ்' என்ற தெரிவு உண்டு.

இரண்டாவது, காதை மூடும் ஹெட்போன். மூன்றாவதுதான் மேசை மைக். வாங்கினால் கிட்ட உள்ள குரலையே அதிகம் பிடிக்கும் டைனமிக் வகையில், யூ.எஸ்.பி.யும் எக்ஸ்.எல்.ஆரும் (ஸ்டூடியோக் கருவிகளுக்கான இணைப்பு) சேர்ந்த ஒன்றை வாங்குங்கள்: சம்சன் கியூ2யூ அல்லது ஓடியோ–டெக்னிக்கா ஏ.ரி.ஆர்.2100எக்ஸ். விளம்பரங்களில் அழகாகத் தெரியும், நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் கொண்டென்சர் மைக்குகள் திருத்திய ஸ்டூடியோவுக்கு நல்லவை. சீமெந்து நிலமும் ஓட்டுக் கூரையும் உள்ள நம் வீடுகளில் அவை அடுத்த வளவு நாயையும் சேர்த்துப் பதியும். கடற்கரை ஈரம் கொண்டென்சருக்குப் பகை, நாளடைவில் பொரிகிற சத்தம் வரும். எந்த மைக்கானாலும் சிலிக்கா ஜெல் பைக்கற்றுடன் மூடிய டப்பாவில் வையுங்கள்.

கேள்வி: வீட்டில் பதிந்து பார்த்தேன். கிணற்றுக்குள் இருந்து கதைப்பது போல் இருக்கிறது. ஃபான் சத்தம், காகம், கோயில் ஒலிபெருக்கி எல்லாம் வருகிறது. கணினியில் இவற்றை நீக்க முடியாதா?
– வாசகர், திருகோணமலை நகர்

பதில்: ஃபான் இரைச்சலை ஓரளவு நீக்கலாம். காகத்தையும் எதிரொலியையும் நீக்குவது கடினம். ஆகவே திருத்தத்தைப் பதிவுக்கு முன்னரே செய்யுங்கள்.

எதிரொலி வருவது வெறும் சுவரிலும் நிலத்திலும் ஒலி பட்டுத் திரும்புவதால். வரவேற்பறையை விட்டு, படுக்கையறைக்குப் போங்கள். சீலைகள் நிறைந்த அலுமாரியின் கதவுகளைத் திறந்துவிட்டு, அதைப் பார்த்தபடி உட்காருங்கள். நிலத்தில் பாய்க்கு மேல் தடித்த விரிப்பு ஒன்று. முதுகுக்குப் பின்னால் மெத்தையைச் சுவரோடு நிறுத்திவிடுங்கள். அறையின் சரி நடுவில் இருக்க வேண்டாம். ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள்: ஒலி உடனே அடங்கினால் சரி, உலோகத்தைத் தட்டியது போல் இழுபட்டால் இன்னும் துணி வேண்டும். முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டுவதால் பயனில்லை, அவை ஒலியை உறிஞ்சுமளவு தடிப்பமில்லை.

மைக்குக்கும் வாய்க்கும் இடையில் ஒரு சாண் தூரம் போதும். தூரம் இரட்டித்தால் குரல் குறையும், அறையின் எதிரொலி அப்படியே இருக்கும். கிணற்றுக் குரலின் முதற்காரணம் பெரும்பாலும் இந்தத் தூரம்தான். மைக்கை நேர் முன்னால் வைக்காமல் வாயின் ஓரத்துக்குச் சற்றுச் சாய்த்து வைத்தால் 'ப' வரும் இடங்களில் காற்று மோதி வெடிக்காது.

ஃபானை நிறுத்துங்கள். வெக்கைக்கு ஒரேயடியாக இருபது நிமிடம் தாங்காது. ஏழெட்டு நிமிடம் பதிந்து, ஃபானைப் போட்டு, மறுபடி பதியுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் அடுத்த அறையிலிருந்தும் வரும். நேரத்தைப் பொறுத்தவரை, விடிகாலையில் காகமும் கோயிலும் பள்ளிவாசலும், காலையிலும் பின்னேரத்திலும் பாட்டுப் போட்டு வரும் பாண் ஓட்டோ. இரவு ஒன்பதரைக்குப் பின்னர் பெரும்பாலான தெருக்கள் அடங்கும். மாரி மழையில் தகரக் கூரைக்குக் கீழ் பதிய முடியாது. மழைக்காலத்துப் பாகங்களை ஐப்பசிக்கு முன்னரே முடித்து வையுங்கள். வெளியில் பதிவதானால் ஆனி, ஆடியில் கச்சான் காற்று மைக்கை அறையும். மைக்கோடு வரும் கறுப்புப் பஞ்சு அதற்குப் போதாது. ரோமம் போன்ற உறை வாங்க வேண்டும்.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஒருவரும் கதைக்காமல் 30 வினாடி விடுங்கள். அந்த வெறும் அறை ஒலிதான் இலவச மென்பொருளான ஓடாசிட்டிக்கு 'இதுதான் இரைச்சல்' என்று காட்டும் மாதிரி. குறைப்பை 6 டெசிபெலில் தொடங்குங்கள், 12ஐத் தாண்ட வேண்டாம். தாண்டினால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போலாகும். 'ச', 'ஸ' போன்ற காற்றொலிகள் இரைச்சலைப் போலவே இருப்பதால் முதலில் அவைதான் தேயும். அதன் பிறகு 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளுக்கு வெட்டு, மெல்லிய கொம்பிரஷன் (உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது), இறுதியில் ஒலியளவை மைனஸ் 16 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பின் அளவு) ஆக்கி, உச்சம் மைனஸ் 1 டெசிபெலைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர். அப்பிள் பரிந்துரைக்கும் அளவு இதுதான். இந்த வரிசையை மாற்றாதீர்கள். கொம்பிரஷனுக்குப் பிறகு இரைச்சலைக் குறைக்கப் போனால், அதற்குள் இரைச்சலும் தூக்கப்பட்டிருக்கும்.

பதியும்போது குரலின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அளவில் இருக்கட்டும். பூச்சியத்தைத் தொட்டு உடைந்த ஒலியை முன்போல் ஆக்க முடியாது. குறைவாகப் பதிந்ததை உயர்த்தலாம்.

கேள்வி: தம்பலகாமத்துக் கூத்துப் பற்றி எழுதுகிறேன். வயதான அண்ணாவியார் (கூத்துப் பழக்குபவர்) ஒருவர் பாடவும் கதைக்கவும் சம்மதித்திருக்கிறார். ஒரே தடவையில் நன்றாகப் பதிந்துவிட வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: முதலில் முறையாக வெற்றிலை பாக்கு வைத்து அழையுங்கள். அதோடு, பதிவு எங்கே போகப் போகிறது என்பதை அவருக்கு விளங்கும்படி சொல்லுங்கள். 'இணையத்தில் போடுவோம்' என்றால் போதாது. எந்த நாட்டில் இருப்பவரும் கேட்கலாம், வேறொருவர் எடுத்து வைத்துக்கொள்ளலாம், பிறகு முழுதாகத் திருப்பி எடுக்க முடியாது என்று சொல்லுங்கள். பேரப்பிள்ளையின் போனில் வேறொரு பொட்காஸ்டைப் போட்டுக் காட்டினால் உடனே பிடிபடும். பெயர், ஊர், சம்மதம் மூன்றையும் அவர் குரலிலேயே பதிவின் தொடக்கத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சடங்கோடு மட்டும் பாட வேண்டியது, வெளியில் பாடக்கூடாது என்று அவர் எதையாவது சொன்னால், அந்த இடத்தில் பதிவை நிறுத்துங்கள். 'எனக்கு மட்டும் பாடிக் காட்டுங்கோ ஐயா' என்று இயந்திரத்தை ஓடவிட்டுக் கேட்பது நம்பிக்கைத் துரோகம்.

மைக் விடயத்தில், வேட்டியும் சால்வையுமாக இருப்பவருக்குக் குத்தும் மைக் சரிவராது. வெற்று மார்பில் ஒட்டினால் வியர்வையில் விழும், சால்வையில் குத்தினால் ஒவ்வொரு அசைவும் உரசும். ஒலிப்பதிவுக் கருவியை அல்லது போனைச் சிறு தாங்கியில், நெஞ்சு உயரத்தில், முகத்திலிருந்து 30 சென்ரிமீற்றரில் வையுங்கள். பெண் கலைஞர்களுக்குச் சீலையின் தோள் மடிப்பில் குத்தலாம். பட்டுச் சீலையைவிடப் பருத்தி நல்லது. தாலிக்கொடியும் சங்கிலியும் மைக்கில் தட்டாத பக்கம் பார்த்துக் குத்துங்கள். வயரை ஒரு சிறு வளையமாக்கி ஒட்டுநாடாவால் பிடித்துவிட்டால் இழுபடும் சத்தம் வராது.

மத்தளத்துக்கும் தாளத்துக்கும் தனிப் பதிவு தேவை. போன் தானாகவே ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும். மத்தளத்தில் ஒரு பலத்த அடி விழுந்ததும் முழு ஒலியையும் அமுக்கி, அடுத்த இரண்டு வினாடி அண்ணாவியாரின் குரலை விழுங்கிவிடும். ஆகவே பாடுபவருக்கு ஒரு கருவி, மத்தளத்துக்கு ஒன்றரை அல்லது இரண்டு மீற்றர் தள்ளி இன்னொன்று. ஒலியளவைக் கையால் நிறுத்தும் வசதியுள்ள கருவி (சூம் எச்1என் போன்றது) இருந்தால் மத்தளத்துக்கு அதைக் கொடுங்கள். ஆகப் பலமான அடியை அடிக்கச் சொல்லி அதற்கு ஏற்ப அளவை வையுங்கள். சோதனையில் மெதுவாக அடித்துவிட்டு ஆட்டத்தில் பலமாக அடிப்பது வழக்கம் என்பதால் இன்னும் கொஞ்சம் குறைத்தே வைக்க வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு கைதட்டல். இரண்டு கருவிகளின் பதிவும் நீண்ட நேரத்தில் சிறிது விலகும். இரண்டு தட்டல்கள் இருந்தால் கணினியில் பொருத்திவிடலாம்.

வெற்றிலை வாயோடு இருந்தால் ஒவ்வொரு சொல்லிலும் எச்சில் ஒலி வரும். தொடங்கு முன் இளஞ்சூட்டுத் தண்ணீர் கொடுங்கள். முதலில் பத்து நிமிடம் சும்மா கதைக்கட்டும், குரல் பதமாகும். பிறகு பாட்டு, குரல் களைத்துப்போகும் முன். ஒரு தடவை முழுதாக, நீங்கள் குறுக்கிடாமல். அதன் பின் அதே பாட்டை அடி அடியாகச் சொல்லச் சொல்லிப் பதியுங்கள். நூலில் பாடத்தைச் சரிபார்க்க அந்த இரண்டாவது பதிவு பொன்னானது. பாடும்போது நீட்டலில் மறையும் எழுத்து சொல்லும்போதுதான் தெளியும். நீண்ட உரையாடல் கடைசியில். அவர் கதைக்கும்போது 'ஓம், ஓம்' என்று சொல்லிக்கொண்டிராமல் தலையை மட்டும் அசையுங்கள். 'கூத்தைப் பற்றிச் சொல்லுங்கோ' என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். 'முதன்முதல் நீங்கள் என்ன வேஷம் கட்டினீங்கள், யார் பழக்கினது?' என்று கேளுங்கள்.

திருத்தும்போது பாட்டுப் பகுதிக்கு இரைச்சல் நீக்கமும் 80 ஹேர்ட்ஸ் வெட்டும் வேண்டாம். மத்தளத்தின் தாழ்ந்த பக்கம் அதில் அடிபடும். குரலைத் 'தெளிவாக்கும்' செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பாட்டுக்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். பேச்சுக்கென்று செய்யப்பட்ட அவை மத்தளத்தை இரைச்சல் என்று எடுத்து அழித்துவிடும்.

கேள்வி: எங்கள் பக்கத்து முஸ்லிம் பெண்களின் நாட்டார் கவிகளைத் தொகுத்த என் நூலைச் சென்னைப் பதிப்பகம் ஒன்று வெளியிட்டிருக்கிறது. என் நூலிலிருந்து நானே வாசிக்க அனுமதி தேவையா? வானொலியில் ஒலிபரப்பான பழைய கவி ஒன்றையும், பின்னணிக்குச் சினிமா இசையையும் சேர்க்கலாமா?
– வாசகி, கிண்ணியா

பதில்: பதிப்பகத்துடன் செய்த ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ஒலிவடிவ உரிமை அல்லது 'எல்லா வடிவங்களும்' என்று எழுதிக் கொடுத்திருந்தால், ஒரு மின்னஞ்சலில் அனுமதி கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பாகத்துக்கு இரண்டு, மூன்று நிமிட வாசிப்பு என்றால் பெரும்பாலும் பதிப்பகம் மகிழ்ச்சியோடு சம்மதிக்கும், அவர்களுக்கும் விற்பனைதானே.

வானொலிப் பதிவு அந்த நிலையத்துக்கும் பாடியவருக்கும் உரியது. எழுத்தில் அனுமதியில்லாமல் சேர்க்க வேண்டாம். சினிமா இசையும் வேண்டாம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆக்கியோனின் ஆயுட்காலத்துக்கும் அதன் பின் 70 ஆண்டுக்கும் நீடிக்கும்; யூடியூபில் தானியங்கிச் சோதனை வேறு. கவிகள் 'யாருக்கும் சொந்தமில்லாதவை' என்றும் எண்ணிவிடாதீர்கள். அதே சட்டத்தில் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு, பாடிய பெண்ணுக்கு நிகழ்த்துநர் உரிமையும் உண்டு. பின்னணிக்கு எதுவும் தேவையில்லை. வயல்வெளி ஒலியை நீங்களே இரண்டு நிமிடம் பதிந்தால் அது உங்கள் சொத்து, கவிக்கும் அதுதான் பொருந்தும்.

கேள்வி: பதிந்து, வெட்டி, எல்லாம் தயார். இனி எங்கே, எப்படி ஏற்றுவது?
– வாசகர், நிலாவெளி

பதில்: கோப்பை ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக அனுப்புவதில்லை. பாகங்களைச் சேமித்து வைத்து வழங்கும் இணையத் தளம் (வழங்கித் தளம்) ஒன்றில் ஏற்றினால், அது புதிய பாகங்களைச் செயலிகளுக்குத் தெரிவிக்கும் ஆர்.எஸ்.எஸ். முகவரி ஒன்றைத் தரும். அந்த முகவரியை அப்பிள் பொட்காஸ்ட்ஸ் போன்றவற்றில் ஒரு தடவை பதிவுசெய்தால், பின்னர் நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு பாகமும் தானாகப் போய்ச் சேரும். ஸ்பொட்டிஃபை ஃபோ கிரியேட்டர்ஸ் இலவசம். அதில் ஆர்.எஸ்.எஸ். விநியோகத்தை அமைப்புக்குள் போய் நீங்களே இயக்க வேண்டியிருக்கும். இயக்காவிட்டால் நிகழ்ச்சி ஸ்பொட்டிஃபைக்குள்ளேயே நின்றுவிடும். பழைய வழிகாட்டிகளில் கூகிள் பொட்காஸ்ட்ஸைப் பதியச் சொல்லியிருக்கும். அது 2024இல் மூடப்பட்டுவிட்டது.

கோப்பு எம்.பி.3, மொனோ (ஒற்றைத் தட ஒலி). பேச்சு மட்டும் என்றால் வினாடிக்கு 64 கிலோபிட் போதும், 20 நிமிடம் 9.6 மெகாபைட். பாட்டு இருந்தால் 96 கிலோபிட், 14.4 மெகாபைட். ஸ்டீரியோ 128 கிலோபிட் என்றால் 19 மெகாபைட்டைத் தாண்டும். டேட்டா கார்ட் போட்டுக் கேட்கும் நம் ஆட்களுக்கு அது சுமை. கோப்புப் பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும். தமிழ்ப் பெயர் சில தளங்களில் இணைப்பை உடைக்கும்.

அட்டைப்படம் சதுரம், 3000க்கு 3000 பிக்சல், ஜேபெக் அல்லது பி.என்.ஜி. நூலின் அட்டையை அப்படியே வெட்டிப் போடாதீர்கள். போனில் அது பெருவிரல் நகமளவு தெரியும், துணைத்தலைப்பு ஒன்றும் வாசிபடாது. தலைப்பில் மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம்.

விபரக் குறிப்பில் பலர் சறுக்கும் இடம் எழுத்துரு. நூலைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால், அதிலிருந்து ஒட்டும் வரிகள் எல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றி, 'ஸ்ரீ', 'ஜ', மேற்கோள் குறிகள் சரியாக வந்திருக்கின்றனவா என்று வாசித்துப் பார்த்து ஒட்டுங்கள். மொழி என்ற இடத்தில் தமிழைத் தெரிவு செய்யுங்கள். தேடுபவர்கள் திருகோணமலை, திருக்கோணமலை, திருமலை என்று மூன்று விதமாகவும் தட்டுவார்கள்; ஆங்கில எழுத்திலும் தட்டுவார்கள். எல்லா வடிவமும் குறிப்பில் எங்காவது இயல்பாக வரட்டும்.

மின்னஞ்சல் முகவரி ஆர்.எஸ்.எஸ்.ஸில் வெளியே தெரியக்கூடும். நிகழ்ச்சிக்கென்று புதிதாக ஒன்று தொடங்குங்கள்.

கேள்வி: வீடியோவும் எடுக்க வேண்டுமா?
– வாசகர், சாம்பல்தீவு

பதில்: வேண்டாம். ஆனால் யூடியூபில் இருக்க வேண்டும், நம் ஊரில் பலர் கேட்பது அங்கேதான். அட்டைப்படத்தை நிலைப்படமாக வைத்து ஒலியை ஏற்றி, பிளேலிஸ்டைப் பொட்காஸ்ட் என்று குறித்துவிடுங்கள்.

கேள்வி: மூன்று பாகம் போட்டாயிற்று. ஒவ்வொன்றையும் நாற்பது பேர் அளவில்தான் கேட்டிருக்கிறார்கள். நூல் ஒன்றும் அசையவில்லை. நிறுத்திவிடலாமா?
– வாசகர், சம்பூர்

பதில்: நிறுத்தாதீர்கள். நாற்பது பேர் இருபது நிமிடம் உட்கார்ந்து கேட்டது சிறிய விடயமல்ல; எத்தனையோ நூல் வெளியீடுகளில் அத்தனை பேர் கடைசிவரை இருப்பதில்லை. கேட்டவர் வாங்குவதற்கு வழி திறந்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் பாகத்தின் முடிவில் பேஸ்புக் பக்கம், இரண்டு புத்தகசாலை, ஒரு இணைய முகவரி, ஒரு தொலைபேசி எண் எல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். சமைத்துக்கொண்டோ பஸ்ஸிலோ கேட்பவர் ஒன்றையும் எழுதிக்கொள்ள மாட்டார். ஒரே ஒரு வழியைச் சொல்லுங்கள். ஒரு வட்ஸ்அப் இலக்கம் போதும்: இரண்டு தடவை, மெதுவாக, இரண்டிரண்டு எண்ணாக. அதே இலக்கம் குறிப்பின் முதல் வரியில் இருக்கட்டும். செயலிகள் முதல் இரண்டு வரிக்குப் பின் மறைத்துவிடும். அஞ்சல் செலவையும் சேர்த்து ஒரே விலை சொல்லுங்கள். 'அஞ்சல் செலவு தனி' என்றால் அதைக் கேட்டறிய ஒரு செய்தி, பதிலுக்கு ஒரு நாள்; அதற்குள் ஆர்வம் போய்விடும். கேட்டு எழுதும் ஒவ்வொருவரிடமும் எங்கே கேள்விப்பட்டீர்கள் என்று விசாரித்து ஒரு கொப்பியில் குறியுங்கள். விற்பனைக்கு உங்களிடம் இருக்கும் நம்பகமான கணக்கு அதுதான்.

வெளிநாட்டு ஓடர்களை ஒவ்வொன்றாக அஞ்சல் செய்தால் செலவு நூலின் விலையைத் தாண்டும். ரொரன்ரோவிலோ லண்டனிலோ உறவினர் ஒருவருக்கு இருபது பிரதியை ஒரே பொதியாக அனுப்பி, அங்கிருந்து உள்நாட்டு அஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

எண்ணிக்கையைவிட ஸ்பொட்டிஃபையும் யூடியூபும் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள், எந்த நிமிடத்தில் ஆட்கள் விலகுகிறார்கள் என்று. முதல் நிமிடத்தில் கோடு செங்குத்தாக விழுந்தால் உங்கள் அறிமுகம் நீளம். நடுவில் ஒரே இடத்தில் விழுந்தால் அந்த இடத்தை ஹெட்போனில் கேளுங்கள். அநேகமாக ஒலி திடீரென்று தாழ்ந்திருக்கும், அல்லது ஒரே தகவலை இரண்டாம் முறை சொல்லியிருப்பீர்கள்.

பரப்புவதற்கு, பாகத்தில் ஆகச் சிறந்த 45 வினாடியை எழுத்தோடு கூடிய சிறு வீடியோவாக்கி ஊர்ச் சங்கங்களின், பழைய மாணவர்களின் வட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்புங்கள். உங்கள் குரலை அல்ல, பாடுபவரின் குரலை.

கேள்வி: நூலின் பின்னட்டையில் கியூ.ஆர். அச்சிட்டுப் பொட்காஸ்டைக் கேட்க வைக்கலாமா? தொடர் முடிந்த பிறகு பதிவுகளை என்ன செய்வது?
– வாசகி, திரியாய்

பதில்: பின்னட்டையோடு நிறுத்தாமல் ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் அச்சிடுங்கள், பாட்டின் பாடத்தை வாசிப்பவர் அப்போதே அதைக் கேட்க வேண்டும். ஆனால் கியூ.ஆர். நேரே ஸ்பொட்டிஃபைக்குப் போகக்கூடாது. வழங்கித் தளத்தை நாளை மாற்றினால் எல்லாப் பிரதியிலும் அச்சிட்டது செத்துப்போகும். உங்களுக்குச் சொந்தமான ஒரு எளிய இணையப் பக்கத்துக்குப் போகட்டும், அங்கிருந்து பாகங்களுக்கு இணைப்புக் கொடுங்கள். அச்சுக்கு முன் 2 சென்ரிமீற்றர் அளவில் தாளில் எடுத்து, பழைய போன் ஒன்றால் சோதியுங்கள்.

வெட்டாத மூலப் பதிவுகளை அழிக்காதீர்கள். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் மொனோ வேவ் கோப்பு மணிக்கு ஏறத்தாழ 520 மெகாபைட். இருபது மணிப் பதிவு சின்ன பென் டிரைவ் ஒன்றில் அடங்கும். ஆனால் பென் டிரைவை மட்டும் நம்பாமல் வன்தட்டு ஒன்றிலும், வேறொரு வீட்டில் இன்னொன்றிலும் பிரதி வையுங்கள். ஒவ்வொரு கோப்போடும் யார் பாடியது, எந்த ஊர், எந்தத் திகதி, சம்மதம் எதற்கு என்று நாலு வரி எழுத்துக் கோப்பு இருக்க வேண்டும். ஒரு பிரதி பாடியவரின் குடும்பத்துக்கு. அவர்கள் சம்மதித்தால், 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கிவரும் நூலக நிறுவனத்துக்கும் ஒன்று அனுப்புங்கள். ஒலிப்பதிவுகளையும் அவர்கள் ஆவணப்படுத்துகிறார்கள்.